தோல் கழலை நோய்: கொட்டகையில் கற்றுக்கொண்டவை

மாட்டின் தோலில் கட்டிகள் எழும்புவதற்குச் சில நாட்கள் முன்பே தோல் கழலை நோய் கொட்டகைக்குள் வந்துவிடுகிறது. அந்தச் சில நாட்களில் மாட்டின் உடலில் தெரியும் குறிகளைக் கவனித்து உடனே செயல்பட்ட இடங்களுக்கும், உடம்பெங்கும் கட்டிகள் நிறைந்த பிறகு மருத்துவரைத் தேடிய இடங்களுக்கும் எவ்வளவு வேறுபாடு இருக்கும் என்பதை எங்கள் மந்தையிலும் சுற்றியிருந்த மந்தைகளிலும் நேரில் கண்டேன். பெரியம்மை என்றும் கட்டி நோய் என்றும் மாடு வளர்ப்போர் சொல்லும் இந்த நோய்க்கு, வைரஸை ஒழிக்கும் மருந்து இல்லை. தடுப்பூசி முந்திக்கொள்ளாத மந்தையில், கடிக்கும் பூச்சிகளைக் கட்டுப்படுத்துவதும் நோய் கண்ட மாட்டை விடாமல் பேணுவதும்தான் விளைவைத் தீர்மானிக்கின்றன. ஆகவே அவற்றைப் பற்றியே இங்கு மிகுதியாக எழுதுகிறேன்.

எங்கள் மந்தையில் முதலில் நோய் கண்டது இரண்டாம் ஈற்றுச் செவலைப் பசு. கன்று ஈன்று சில வாரங்களே ஆகியிருந்ததால் பால் உச்சத்தில் இருந்தது. ஒரு மாலைக் கறவையில் பால் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. மடியில் வீக்கமோ சூடோ இல்லை. பாலிலும் திரிதல் இல்லை. தீவனத் தொட்டியை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. இரு கண்களிலும் நீர் வடிந்து கன்னத்து மயிரில் கோடாக இறங்கியிருந்தது. மூக்கிலும் நீர் ஒழுகியது. வெப்பமானியை வைத்துப் பார்த்தபோது 41 டிகிரி செல்சியஸுக்கு மேல் காட்டியது. நலமாக உள்ள மாட்டுக்கு 38.5 டிகிரியை ஒட்டியே இருக்க வேண்டும். தொலைபேசியில் இவற்றைக் கேட்ட கால்நடை மருத்துவர், "தோள்பட்டைக்கு முன்னால், கழுத்து சேரும் இடத்தில் விரல்களை அழுத்தி மேலும் கீழும் தடவிப் பாருங்கள், நெறி கட்டியிருக்கிறதா சொல்லுங்கள்" என்றார். தடவியபோது எலுமிச்சம்பழம் அளவில் ஒரு முடிச்சு, தோலுக்கு அடியில் விரலுக்குப் பிடிபடாமல் நழுவி ஓடியது. பின்தொடை மடிப்புக்கு முன்னாலும் அத்தகைய வீக்கம் இருந்தது. அப்போது தோலில் ஒரு கட்டிகூட இல்லை. அன்றிரவே அந்தப் பசுவைப் பிரித்து, தனியிடத்தில் கொசுவலைக்குள் கட்டினோம்.

கட்டிகள் எழும்பத் தொடங்கும்போது நேர் வெளிச்சத்தில் நின்று பார்த்தால் தெரிவதில்லை. காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் மாட்டின் பக்கவாட்டில் நின்று பார்த்தால், கழுத்திலும் விலாவிலும் அங்கங்கே மயிர் சிறு வட்டங்களாகச் சிலிர்த்து நிற்பது தெரியும். மயிர் படியும் திசைக்கு எதிராக உள்ளங்கையை ஓட்டினால், ஒவ்வொரு வட்டத்தின் அடியிலும் கெட்டியான, உருண்டையான தடிப்பு தட்டுப்படும். தோலை விரலிடுக்கில் பிடித்து நகர்த்தினால் கட்டியும் சேர்ந்து நகரும். ஏனெனில் அது தோலின் முழுத் தடிமனிலும் ஊன்றியிருக்கிறது. ஒவ்வாமைத் தடிப்புகள் சில மணி நேரத்தில் தோன்றி அதே வேகத்தில் மறைந்துவிடும். இவை மறையாமல் நாளுக்கு நாள் பெருத்து, 2 முதல் 5 சென்டிமீட்டர் வரை வளரும். செவலைக்கு முதலில் கழுத்திலும், பிறகு மடியிலும் வாலடியிலும், மூக்கு நுனியைச் சுற்றியும் எழும்பின. அந்தப் பருவம் முழுவதும் நாங்கள் கைக்கொண்ட பழக்கம் ஒன்றுதான்: விடியற்காலைக் கறவைக்கு முன் ஒவ்வொரு மாட்டையும் தோளிலிருந்து பின்தொடை வரை கையால் தடவிப் பார்ப்பது, ஐயமுள்ள மாட்டுக்கு வெப்பமானி வைப்பது, அளந்த பாலைக் கரும்பலகையில் எழுதிவைப்பது. அடுத்தடுத்து நோய் கண்ட மாடுகள் எல்லாம் கட்டி தெரியும் முன்பே பால் கணக்கிலும் காய்ச்சலிலும் பிடிபட்டன.

இந்த வைரஸ் அம்மை வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. செம்மறி ஆட்டம்மை, வெள்ளாட்டம்மை வைரஸ்களுக்கு மிக நெருங்கிய உறவு. மாடுகளையும், ஓரளவுக்கு எருமைகளையும் தாக்கும். 1929இல் சாம்பியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டுப் பல பத்தாண்டுகள் ஆப்பிரிக்காவுக்குள்ளேயே பரவியிருந்த இந்நோய், 1989இல் இஸ்ரேலிலும், 2013இல் துருக்கியிலும், 2015இல் கிரேக்கத்திலும், அடுத்த ஆண்டே பால்கன் நாடுகள் பலவற்றிலும் தோன்றியது. 2019இல் வங்கதேசம், சீனா, இந்தியா என்று ஆசியாவின் பெரும் மாட்டுக் கூட்டங்களுக்குள் நுழைந்தது. 2025இல் இத்தாலியும் பிரான்சும் ஸ்பெயினும் முதன்முறையாக இதைச் சந்தித்தன. ஒரு கொட்டகையிலிருந்து பக்கத்துக் கொட்டகைக்குப் பூச்சி கொண்டுபோகும். ஒரு நாட்டின் எல்லையைத் தாண்டி இத்தனை தொலைவு பாய்வதற்குப் பெரும்பாலும் மனிதர் ஏற்றிச் செல்லும் மாடுகளே காரணமாகின்றன. நோய் பரவியிருக்கும் காலத்தில் மாட்டுச் சந்தைகளை மூடுவதும் மாடுகளை ஏற்றிச் செல்லும் வண்டிகளைத் தடுப்பதும் வளர்ப்போருக்கு இழப்பைத் தந்தாலும், அந்தத் தடையை மீறுவது பக்கத்து ஊரின் எல்லா மாடுகளுக்கும் செய்யும் தீங்கு என்றே நான் கருதுகிறேன்.

இனி ஈயைப் பற்றி. வீட்டு ஈயைப் போலவே தோற்றமளிக்கும் கடிக்கும் தொழுவ ஈதான் எங்கள் கொட்டகையில் பெரும் தொல்லையாக இருந்தது. அருகில் சென்று பார்த்தால் அதன் தலையிலிருந்து கூரான குழல் ஒன்று முன்னோக்கி நீண்டிருக்கும். மாட்டின் கால்களில்தான் பெரும்பாலும் உட்காரும். தலை மேல்நோக்கி இருக்கும். ஆண், பெண் இரண்டுமே இரத்தம் குடிப்பவை. கடி வலிப்பதால் மாடு காலை உதைக்கும். ஈ பாதி உணவோடு எழுந்து அடுத்த மாட்டின் மேல் உட்காரும். நோயுற்ற மாட்டின் கட்டியில் நுழைந்து வந்த குழல், நலமான மாட்டின் தோலுக்குள் அடுத்த நிமிடமே இறங்கிவிடுகிறது. வைரஸ் ஈயின் உடலுக்குள் பெருகவேண்டிய தேவைகூட இல்லை; அழுக்கான ஊசி செய்யும் வேலையைத்தான் ஈ செய்கிறது. கொசுவும் உண்ணியும்கூட வைரஸைச் சுமக்கக் கூடியவை என்று ஆய்வுகள் காட்டியுள்ளன.

மாடுகள் காலை மாற்றி மாற்றி உதைத்துக்கொண்டும், ஒன்றையொன்று நெருக்கியடித்து நின்றுகொண்டும் இருந்தால், ஈ அளவுக்கு மீறிவிட்டது என்று பொருள். பூச்சிக்கொல்லி தெளிப்பதால் மட்டும் இது தீராது. முட்டையிடும் இடத்தை ஒழிக்காவிட்டால் தெளித்த சில நாட்களில் அடுத்த தலைமுறை வந்துவிடும். தொழுவ ஈ பசுஞ்சாணத்தில் மட்டும் பெருகுவதாகப் பலர் எண்ணுகிறார்கள். அதைவிட அதிகமாக விரும்புவது, சாணமும் மூத்திரமும் ஊறிப் புளித்துப்போன வைக்கோலையும் அழுகிய தீவன மிச்சத்தையும்தான். எங்கள் கொட்டகையில் தீவனத் தொட்டியின் அடியில், கூட்டும் துடைப்பம் எட்டாத மூலையில், பழைய வைக்கோல் ஒரு சாண் உயரத்துக்குப் படிந்திருந்தது. மண்வெட்டியால் அதைப் புரட்டியபோது வெளிறிய புழுக்களும் பழுப்பு நிறக் கூட்டுப்புழுக்களும் கொத்தாகக் கிடந்தன. அந்த ஒரு மூலையை வழித்தெடுத்த பிறகு ஈயின் எண்ணிக்கை குறைந்தது கண்ணுக்கே தெரிந்தது. வெப்பமான காலத்தில் முட்டை ஈயாக மாற ஏறத்தாழ 2 முதல் 3 வாரங்கள் ஆகும். ஆகவே படுக்கை வைக்கோலையும் தொட்டியடி மிச்சத்தையும் வாரம் ஒருமுறை முழுமையாக அகற்றினால் அந்தச் சுழற்சி அறுந்துபோகும். அகற்றியதைக் கொட்டகைக்கு அருகில் குவிக்காமல், எருக்குழியில் இட்டுக் கறுப்புப் பாலித்தீன் விரிப்பால் மூடினோம்; உள்ளே எழும் சூடு புழுக்களைக் கொன்றுவிடுகிறது. மூத்திர வடிகாலில் தேங்கலின்றிச் சாய்வை ஏற்படுத்தினோம். தண்ணீர்த் தொட்டிகளை வாரத்துக்கு ஒருமுறையாவது காலிசெய்து தேய்த்துக் கழுவியதில் கொசுவும் குறைந்தது. பலமான மின்விசிறிக் காற்றை ஈயும் கொசுவும் தாங்குவதில்லை. இருப்பதிலேயே எளிய காப்பு அதுதான். மாட்டின் மேல் ஊற்றும் பூச்சி மருந்துகளை மருத்துவர் சொன்ன அளவிலேயே பயன்படுத்த வேண்டும். சிலவற்றுக்குப் பாலை விலக்கவேண்டிய நாட்கள் உண்டு.

பூச்சி பறக்கும்போது ஒரு மாட்டைப் பிரித்துக் கட்டுவதில் என்ன பயன் என்ற கேள்வியைப் பலர் கேட்டார்கள். வைரஸ் மிக அதிகமாக இருப்பது தோல் கட்டிகளில்தான். தொற்றுக்கு உள்ளான மாடுகளில் ஒரு பகுதி கட்டியே வராமல் கடந்துவிடுகிறது. அவற்றிடமிருந்து பூச்சி வைரஸை எடுத்துச் செல்வது மிக அரிது என்று சோதனைகள் காட்டுகின்றன. எனவே கட்டி உள்ள மாட்டின் மேல் ஈ உட்காராமல் காத்தால், பரவலின் பெரும்பகுதியை அங்கேயே தடுக்கிறோம். வலை போதாதபோது எல்லா மாடுகளுக்கும் மெல்லிய பாதுகாப்பு தருவதைவிட, நோயுற்ற மாட்டைச் சுற்றிலும் முழுமையாக வலை கட்டுவதே சரியான செலவு. நலமான மாடுகளுக்குத் தீவனமும் கறவையும் முடித்த பிறகே நோயுற்ற மாட்டிடம் போனோம். அதற்கென்று தனி வாளி, தனிக் கயிறு, தனி உடை வைத்திருந்தோம். ஊசி போடும்போது மாட்டுக்கு ஒரு ஊசி என்பதில் எந்தச் சமரசமும் கூடாது. ஒரே ஊசியால் வரிசையாகப் போட்டால், ஈ செய்யும் வேலையை நாமே செய்தவர்களாகிவிடுவோம்.

நோயுற்ற மாட்டைப் பேணுவதில் முதல் வாரம் காய்ச்சலோடு போராட்டம். காய்ச்சலும் வீக்கமும் தணிக்கும் மருந்தையும், புண்களில் பாக்டீரியா சேராமலிருக்க நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தையும் மருத்துவர் தந்தார். அந்த மருந்து வைரஸைத் தொடாது என்பதை அவர் முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டதால், உடனே குணமாகவில்லையே என்று மருந்தை மாற்றி மாற்றிக் கேட்கும் பதற்றம் எங்களுக்கு வரவில்லை. வாய்க்குள்ளும் புண் வந்திருந்ததால் செவலை உலர் தீவனத்தை மெல்ல முடியாமல் தவித்தது. இளம் பசும்புல்லைப் பொடியாக நறுக்கியும், அடர்தீவனத்தை நீரில் ஊறவைத்துக் குழைத்தும் சிறிது சிறிதாகப் பல வேளை ஊட்டினோம். தண்ணீரை வாயருகே கொண்டுபோய்க் காட்டினால் குடிக்கும். எழுந்து நடந்துபோய்க் குடிக்கும் நிலையில் அது இல்லை.

கட்டிகளைவிட எங்களை அதிகம் கலங்கவைத்தது கால் வீக்கம். முன்னங்கால்களிலும் அலைதாடியிலும் நீர் கோத்து, முழங்காலுக்குக் கீழே கால் தூணாகப் பருத்துவிட்டது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து நெடுநேரம் அப்படியே நின்றது. வலியால் படுக்கத் தயங்கி நிற்கும், படுத்தால் எழ மறுக்கும். அப்படியே ஒரே பக்கமாகக் கிடந்தால் படுக்கைப் புண்ணும் வயிறு உப்புசமும் தொடரும். தரையில் மணல் பரப்பி, அதன் மேல் உலர்ந்த வைக்கோலைக் கனமாக இட்டு, பகலிலும் இரவிலும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றினோம். வைக்கோல் நனைந்தால் உடனே மாற்றினோம். நாளுக்கு இருமுறை வெதுவெதுப்பான உப்புநீரால் கால்களுக்கு ஒத்தடம் கொடுத்து மெல்ல நடக்கவைத்தோம். இந்தக் கட்டத்தில் மனம் தளர்ந்து மாட்டைக் கைவிட்ட இடங்களில்தான் இறப்புகள் அதிகம் நேர்ந்ததைப் பார்த்தேன். பொதுவாக இந்நோயில் இறப்பு 100க்கு 1 முதல் 5 வரைதான் என்று கூறுவர். நாங்கள் பிறந்து சில வாரங்களே ஆன ஒரு கன்றை இழந்தோம். அதற்கு மூச்சுக்குழலிலும் நுரையீரலிலும் நோய் இறங்கிவிட்டது என்று மருத்துவர் சொன்னார். இளங்கன்றுகளும் பால் உச்சத்தில் உள்ள பசுக்களும்தான் கடுமையாகப் பாதிக்கப்படுகின்றன. அந்தக் கன்றை நீர்நிலைகளுக்குத் தொலைவில் ஆழமான குழி தோண்டி, சுண்ணாம்பு இட்டுப் புதைத்தோம்.

சில வாரங்களில் கட்டிகள் நடுவில் கறுத்துக் காய்ந்து, சுற்றிலும் வெடிப்பு விட்டன. ஓரம் எழும்பி நடு மட்டும் ஊன்றியிருக்கும் அந்தப் பொருக்கைப் பிய்க்கக் கை துறுதுறுக்கும். பிய்க்கக் கூடாது, அடியில் ஆழமான குழிப்புண் திறந்து, ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும். தானாக விழும்வரை சுற்றிலும் பொவிடோன் அயோடின் தடவினோம். புண்ணின் வெளி ஓரத்தில் ஈ அண்டாதிருக்க வேப்பெண்ணெய் பூசினோம். விழுந்த பொருக்குகளைச் சேகரித்து எரித்தோம். இதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. காய்ந்த பொருக்கில் வைரஸ் ஒரு மாதத்துக்கும் மேலாக உயிர்ப்போடு இருக்கும். வெயில் படாத இருண்ட கொட்டகையில் மாதக் கணக்கிலும் தங்கும். கிருமிநாசினி தெளிக்கும் முன் சாணத்தையும் அழுக்கையும் நன்றாகக் கழுவி அகற்றியாக வேண்டும்; அழுக்கின் மேல் தெளித்த மருந்து பயன் தராது. 2 முதல் 3 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல் இதற்குப் போதுமானது.

காம்பில் கட்டி வந்த பசுவைக் கறப்பது கறப்பவருக்கும் பசுவுக்கும் ஒருசேர வேதனை. ஆனாலும் பாலை மடியில் தேங்கவிட்டால் மடிநோய் சேர்ந்துகொள்ளும். கையில் எண்ணெய் தடவி, மெதுவாக, முழுமையாகக் கறந்தோம். காம்பில் புண் இருக்கும்வரை கன்றை ஊட்டவிடாமல், காய்ச்சி ஆறவைத்த பாலைத் தனியாகக் கொடுத்தோம். இந்நோய் மனிதருக்குப் பரவாது. காய்ச்சிய பாலால் எந்தக் கேடும் இல்லை. நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து தரப்படும் நாட்களிலும், அதன்பின் மருத்துவர் குறிப்பிடும் நாட்களிலும் மட்டும் பாலை விற்கக் கூடாது. அந்தப் பருவத்தில் பாலைக் கண்டு மக்கள் அஞ்சியதால், நோயே அண்டாத மந்தைக்காரர்களும் நட்டமடைந்தது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது.

தடுப்பூசி போட்டு ஏறத்தாழ 3 வாரங்கள் கழித்தே முழுப் பாதுகாப்பு கிடைக்கிறது. பக்கத்துக் கொட்டகையில் கட்டி தெரிந்த பிறகு ஓடிப்போய்ப் போட்டால், அந்த இடைவெளியில் நோய் வந்துவிடக்கூடும். அப்படி வந்ததைப் பார்த்து ஊசியால்தான் நோய் வந்தது என்று முடிவுகட்டியவர்களும் உண்டு. நீத்லிங் என்பது இந்நோய் வைரஸின் ஒரு வகை. உயிருள்ள, வீரியம் குறைக்கப்பட்ட அந்த வகைத் தடுப்பூசி போட்ட சில மாடுகளுக்கு, முதல் இரு வாரங்களில் லேசான காய்ச்சலும் பால் குறைவும் சிறு தடிப்புகளும் வரலாம். அவை புண்ணாகாமல் தாமே மறையும். ஆட்டம்மைத் தடுப்பூசி நெருங்கிய உறவு என்பதால் இந்தியா உள்ளிட்ட நாடுகளில் மாடுகளுக்கும் பயன்பட்டது. 2022இல் ஹரியானாவின் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையமும் இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து இந்நோய்க்கென்றே ஒரு தடுப்பூசியை உருவாக்கின. பால்கன் நாடுகளில் ஏறத்தாழ எல்லா மாடுகளுக்கும் ஆண்டுதோறும் நீத்லிங் தடுப்பூசி போட்ட பிறகே நோய் ஒழிந்தது. ஒரு மந்தைக்குப் போட்டுச் சுற்றியுள்ள மந்தைகளை விட்டுவிட்டால் அந்தப் பயன் கிடைக்காது. ஆகவே பக்கத்தில் உள்ளவர்களையும் சேர்த்து ஒரே காலத்தில், ஈயும் கொசுவும் பெருகும் பருவத்துக்கு முன்பே, ஆண்டுதோறும் போட்டுவிடுவது என்று ஏற்பாடு செய்துகொண்டோம். தடுப்பூசி போட்ட தாய்க்கும் நோயிலிருந்து மீண்ட தாய்க்கும் பிறந்த கன்றுகளுக்குச் சீம்பாலின் எதிர்ப்புச் சக்தி சில மாதங்கள் இருப்பதால், எந்த வயதில் ஊசி போடலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டே தீர்மானிக்க வேண்டும்.

செவலை பிழைத்துக்கொண்டது. ஆனால் அந்த ஈற்றில் பால் பழைய அளவுக்குத் திரும்பவேயில்லை. சினைப்பருவமும் நெடுநாள் தள்ளிப்போனது. மாடு மேய்ச்சலுக்கு இறங்கிவிட்டால் நோய் முடிந்தது என்று கருதித் தீவனத்தைக் குறைத்துவிடுபவர்கள், அதன்பிறகே அதிக இழப்பைச் சந்திக்கிறார்கள். தாது உப்புக் கலவையும் நல்ல பசுந்தீவனமும் அந்த மாதங்களில்தான் மிகுதியாகத் தேவைப்படுகின்றன. நோய் கண்ட காளையின் விந்தில் வைரஸ் பல வாரங்கள் தங்கக்கூடும் என்பதால், மருத்துவர் சோதித்துச் சொல்லும்வரை அதை இனச்சேர்க்கைக்கு விடக் கூடாது.

புதிதாக மாடு வாங்கினால் இப்போது 28 நாட்கள் தனியாகக் கட்டி வைக்கிறோம். சர்வதேச விதிகள் இந்நோயின் அடைகாலமாக, அதாவது தொற்றியதிலிருந்து குறிகள் தெரியும்வரை உள்ள காலமாக, கொள்வது இந்த 28 நாட்களையே. அந்த நாட்களிலும் காலைதோறும் தடவிப் பார்த்தலும் வெப்பமானியும் உண்டு. தடுப்பூசி போடாத மாடாக இருந்தால், வந்தவுடன் மருத்துவரிடம் காட்டி ஊசி போட்டு, அதன்பின் 3 வாரங்கள் கடந்துவிட்டதா என்பதையும் பார்த்துக்கொண்டே மந்தையோடு சேர்க்கிறோம்.